ஐந்து நாளில் 480 படிவம், ஆறாம் நாள் "கேஸ் போடுவோம்"

பெங்களூரு ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. அடையாளம் தெரியக்கூடிய இரண்டொரு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். கடிதம் ஆறு பக்கம், சுருக்கம் இதுதான்.

வயது 31, சொந்த ஊர் வேலூர் பக்கம். பி.காம் மூன்று வருடமும் படித்துவிட்டார், இரண்டு பேப்பர் அரியர், எழுதுவதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. கணவருக்கு பீன்யாவில் ஒரு லேத் பட்டறையில் வேலை. இரண்டு பிள்ளைகள், சின்னவன் யுகேஜி. வீட்டில் இருந்தபடியே ஏதாவது சம்பாதிக்கலாம் என்று பழைய லேப்டாப் ஒன்றைத் தவணையில் வாங்கியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து போனில் ஒரு விளம்பரம்: வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, முதலீடு கிடையாது, படிவத்துக்கு 40 ரூபாய். வாட்ஸப்பில் பேசிய "எச்ஆர் மேடம்" ஆதார், பான், போட்டோ எல்லாம் வாங்கிக்கொண்டு, 100 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் ஒரு ஒப்பந்தத்தை பிடிஎஃப்பாக அனுப்ப, இவர் போன் திரையில் விரலாலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஐந்து நாளில் 480 படிவம், 90 சதவீதம் பிழை இல்லாமல் இருக்க வேண்டும், முடித்தால் 19,200 ரூபாய். பிள்ளைகள் தூங்கிய பிறகு ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து அடித்திருக்கிறார். ஐந்தாம் நாள் சாயங்காலம், இன்னும் 31 படிவம் பாக்கி இருக்கும்போது, படிவம் அடிக்கும் தளம் திறக்கவில்லை. மறுநாள் "க்யூசி (தரச் சோதனை) ஃபெயில், சர்வர் செலவு 5,000, ஜிஎஸ்டி 18 சதவீதம், மொத்தம் 5,900 கட்டுங்கள்" என்று செய்தி. பயந்துபோய் யுபிஐயில் கட்டிவிட்டார். அது நடந்து பதினொரு நாள். இப்போது ஒரு நோட்டீஸும் வந்திருக்கிறது, "லீகல் டிபார்ட்மென்ட்" என்று ஒருவர் தினமும் கூப்பிடுகிறார், 24,500 ரூபாய் வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் எஃப்ஐஆர், அரெஸ்ட், கணவர் வேலை செய்யும் இடத்துக்கே போலீஸ் வரும் என்று மிரட்டல். கணவருக்கு எதுவுமே தெரியாது.

கேட்டிருப்பது நான்கு கேள்விகள். மோதிரத்தை விற்றுக் கட்டிவிடலாமா? போலீஸ் வருமா? போன 5,900 திரும்பக் கிடைக்குமா? வீட்டிலிருந்து செய்ய உண்மையான வேலை என்று ஒன்று இருக்கிறதா, இல்லை லேப்டாப்பை விற்றுவிடட்டுமா?

சகோதரி, முதலில் மோதிரம். விற்காதீர்கள். இனி ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். 24,500 கட்டினால் முடிந்துவிடும் என்று நினைக்கிறீர்கள், முடியாது. 5,900 கட்டினீர்களே, முடிந்ததா? பயந்தால் கட்டக்கூடியவர் என்று அந்த 5,900 அவர்களுக்குச் சொல்லிவிட்டது, அதனால்தான் அடுத்த தொகை நாலு மடங்காக வந்திருக்கிறது. இந்த நகரத்தில் வக்கீலாக இருக்கிற எனக்கு இதே கதையோடு வருகிறவர்களைப் பார்த்துப் பழக்கம். தொகை மாறும், கம்பெனி பெயர் மாறும், நோட்டீஸின் வாசகம் மட்டும் மாறாது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நீங்கள் அடித்ததில் 90 சதவீதம் சரியா இல்லையா என்று மறுநாள் காலையிலேயே சொல்லிவிட்டார்களே, அது எப்படி? சரியான விடை ஏற்கெனவே அவர்கள் கையில் இருந்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். விடை கையில் இருக்கும்போது அதையே திரும்ப டைப் செய்ய உங்களுக்கு எதற்கு 40 ரூபாய் கொடுக்க வேண்டும்? படத்தில் இருக்கும் எழுத்தைக் கணினியே படித்துக் கொடுக்கிற காலம் இது, உங்கள் போன் கேமராவே அதைச் செய்யும். அந்த 480 படிவமும் யாருக்கும் தேவைப்படாத படிவங்கள். நீங்கள் தோற்க வேண்டும் என்பதற்காகத்தான் அவற்றைக் கொடுத்தார்கள். ஆறு பக்கக் கடிதத்தில் நாலு இடத்தில் "என் தப்புதான், நான் ஒழுங்காக முடிக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள், அதைப் படிக்கும்போதுதான் எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. ஐந்து ராத்திரி கண் விழித்து 449 படிவம் முடித்தவர் நீங்கள். உங்கள் வேலையில் குறை இல்லை.

உங்களுக்கு வந்த அந்தக் காகிதம்

நோட்டீஸின் படத்தை அனுப்பியது நல்லதாகப் போயிற்று, பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே தராசுப் படம், அதன் கீழே சிவப்பு எழுத்தில் "கோர்ட் அரெஸ்ட் வாரன்ட் நோட்டீஸ்". அப்படி ஒரு காகிதம் எந்தச் சட்டத்திலும் இல்லை. வாரன்ட் என்பது நீதிமன்றம் பிறப்பிப்பது, நோட்டீஸ் என்பது ஒரு வக்கீல் தன் கட்சிக்காரர் சார்பில் எழுதும் கடிதம், இரண்டும் ஒரே தாளில் வராது. வழக்கு எண் இல்லை. வக்கீல் பெயர் இருக்கிறது, பார் கவுன்சில் பதிவு எண் இல்லை, அலுவலக முகவரி இல்லை. "ஐபிசி 420-இன் கீழ்" என்று போட்டிருக்கிறார்கள். 2024 ஜூலை 1-லிருந்து இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, அதில் மோசடிக்கான பிரிவு 318. போன மாதம் நடந்ததாகச் சொல்லும் ஒரு விஷயத்துக்குத் தொழிலில் இருக்கிற எந்த வக்கீலும் 420 என்று எழுதமாட்டார்.

ஸ்டாம்ப் பேப்பரையும் பார்த்தேன். வேறொரு மாநிலத்தில் 2022-இல் வாங்கியது, வாங்கியவர் என்று போட்டிருக்கும் பெயர் ஒப்பந்தத்தில் எங்குமே வரவில்லை. யாரோ எதற்கோ வாங்கிய பேப்பரை ஸ்கேன் செய்து, அதன் மேல் எழுத்தை ஒட்டி, வருகிற எல்லோருக்கும் அதையே அனுப்புகிறார்கள். நம் ஆட்களுக்கு ஸ்டாம்ப் பேப்பர் என்றாலே ஒரு பயம், அதில் எழுதிவிட்டால் கல்வெட்டு மாதிரி என்று. அது அரசுக்குக் கட்டும் முத்திரைத் தீர்வை, அவ்வளவுதான். மோசடியான ஒப்பந்தத்தை 100 ரூபாய்த் தாளில் எழுதினாலும் அது மோசடிதான்.

"உச்ச நீதிமன்ற வக்கீல் நானே பேசுகிறேன்" என்று குரல் பதிவு வந்ததாக எழுதியிருந்தீர்கள். அவர் உண்மையான வக்கீலாகவே இருந்தாலும் அவர் அனுப்புவது கடிதம்தான், உத்தரவு இல்லை. உண்மையான வக்கீல் இப்படிப் பெண்களைக் கூப்பிட்டு மிரட்டினால், வக்கீல்கள் சட்டம் 1961-இன் 35-ஆம் பிரிவின்படி மாநில பார் கவுன்சிலில் அவர் மேலேயே புகார் கொடுக்கலாம்.

போலீஸ் வருமா

வராது. ஒப்பந்தப்படி ஒருவர் வேலையை முடிக்கவில்லை என்பது சிவில் விவகாரம், அதற்குக் கைது கிடையாது. அவர்களுக்கு உண்மையிலேயே நஷ்டம் என்றால் கோர்ட் கட்டணம் கட்டி, வழக்குப் போட்டு, நேரில் வந்து நிரூபிக்க வேண்டும். முகவரியே கொடுக்காமல் ஒளிந்திருக்கிறவர்கள் அதைச் செய்யப்போவதில்லை.

சரி, ஒரு பேச்சுக்கு யாரோ பொய்ப் புகார் கொடுத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் போலீஸ் முதலில் பிஎன்எஸ்எஸ் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) 35-ஆம் பிரிவில் நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்பதுதான் பொதுவான நடைமுறை. அந்த நோட்டீஸையும் வாட்ஸப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மிகவும் விதிவிலக்கான நிலை தவிர, சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் பெண்ணைக் கைது செய்ய முடியாது, அந்த விதிவிலக்குக்கும் பெண் அதிகாரியும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும். வீடியோ காலில் "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று யாராவது சொன்னால் உடனே போனை வையுங்கள், அப்படி ஒன்று சட்டத்தில் இல்லவே இல்லை. கணவரின் பட்டறைக்கு வருவோம் என்பதும் மிரட்டல்தான். அவர் இந்த ஒப்பந்தத்தில் எங்கேயும் இல்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. "எல்லாமே போலி" என்று நான் சொன்னதை வைத்து எதிர்காலத்தில் உண்மையான கோர்ட் சம்மனையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சம்மன் என்று எது வந்தாலும் அதில் உள்ள வழக்கு எண்ணையோ ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரும், எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சிஎன்ஆர் எண்ணையோ நீதிமன்றங்களின் ஈகோர்ட்ஸ் தளத்தில் போட்டுப் பாருங்கள். எந்த கோர்ட், எந்தத் தேதி, யார் வாதி என்று இலவசமாகவே தெரியும். உங்கள் பெயரை வைத்தும் தேடலாம், இன்றைக்கே தேடிப் பாருங்கள், ராத்திரி தூக்கம் வரும்.

கையெழுத்துப் போட்டுவிட்டேனே

இதுதான் உங்களை ரொம்ப அரிக்கிறது என்று தெரிகிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-லிருந்து இருக்கிறது. அதன் 17, 19 பிரிவுகளைச் சேர்த்துப் பார்த்தால், ஏமாற்றி வாங்கிய சம்மதத்தில் உருவான ஒப்பந்தத்தை ஏமாந்தவர் செல்லாது என்று மறுக்கலாம். 74-ஆம் பிரிவு இன்னும் முக்கியம். ஒப்பந்தத்தில் அபராதம் என்று எவ்வளவு பெரிய தொகை எழுதியிருந்தாலும், நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் கொடுக்கும், எழுதிய தொகை அதற்கு மேல்வரம்பு மட்டுமே. யாருக்கும் தேவையில்லாத படிவத்தில் 31 பாக்கி வைத்ததால் அவர்களுக்கு என்ன இழப்பு? கம்பெனி பெயர் மத்திய அரசின் கம்பெனிப் பதிவுத் தளத்தில் இருந்ததைப் பார்த்துத்தான் நம்பினேன் என்கிறீர்கள். பார்த்தது சரியான பழக்கம்தான், ஆனால் பதிவு இருப்பது அந்தப் பெயரில் ஒரு கம்பெனி இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும், உங்களோடு பேசியவர் அந்தக் கம்பெனிக்காரர்தான் என்பதற்கு அது சாட்சி ஆகாது. நல்ல பெயருள்ள நிறுவனத்தின் பதிவு எண்ணை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்வதும் நடக்கிறது.

வெள்ளிக்கிழமைக்குள் செய்ய வேண்டியது

அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். எண்களை பிளாக் செய்வதற்கு முன்னால் வாட்ஸப் உரையாடல் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். குரல் பதிவுகள், நோட்டீஸ், ஒப்பந்தம், யுபிஐ ரசீதில் இருக்கும் 12 இலக்க எண், எல்லாம் வேண்டும். கோபத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள், அந்த போனையும் மாற்றாதீர்கள், மூல உரையாடல் அதில்தான் இருக்கிறது.

அப்புறம் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள். ஒப்புகை எண் கிடைக்கும், அதை எழுதி வையுங்கள். பெங்களூரில் டிவிஷன் வாரியாக சைபர் குற்றங்களைப் பார்க்கும் சிஇஎன் போலீஸ் ஸ்டேஷன்கள் இருக்கின்றன, சைபர் புகாரை அங்கே நேரில் கொடுக்கலாம். "இது எங்கள் எல்லையில் வராது" என்று யாராவது சொன்னால், எல்லை பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் பதிவு செய்யும் ஜீரோ எஃப்ஐஆர் இப்போது பிஎன்எஸ்எஸ் 173-ஆம் பிரிவிலேயே இருக்கிறது என்று மரியாதையாகச் சொல்லுங்கள். கன்னடம் சரளமாக வராது என்று தயங்க வேண்டாம், அக்கம்பக்கத்தில் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

5,900 விஷயத்தில் உங்களுக்குப் பொய் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். மூன்று நாளுக்குள் சொன்னால் வங்கி முழுப் பணத்தையும் தரும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ரிசர்வ் வங்கி விதி, நமக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து பணம் போனால் பொருந்துவது. நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணத்துக்கு அது வராது. முதல் சில மணி நேரத்தில் 1930-க்குச் சொல்லியிருந்தால் அந்தக் கணக்கில் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம், பதினொரு நாள் ஆனபிறகு குறைவு. ஆனாலும் புகார் கொடுங்கள். நாளைக்கு உங்கள் ஆதாரையும் பானையும் வைத்து யாராவது ஏதாவது செய்தால், நான் இந்தத் தேதியிலேயே சொல்லிவிட்டேன் என்று காட்ட அந்தப் புகார்தான் கையில் இருக்கும்.

ஆதாருக்கு வருவோம். ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வையுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பாருங்கள், தெரியாத எண் இருந்தால் அங்கேயே தெரிவிக்கலாம். உங்கள் பெயரில் கடன் ஏதாவது எடுத்திருக்கிறார்களா என்று பார்க்க, சிபில் போன்ற நிறுவனங்கள் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும், இப்போது ஒன்று, மூன்று மாதம் கழித்து வேறொரு நிறுவனத்தில் ஒன்று என்று வாங்குங்கள். இன்னும் ஒன்று, "உங்கள் பணத்தைத் திருப்பிப் போடுகிறோம், கூடுதலாக வந்ததை இந்த எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள்" என்று வந்தால் தொடவே தொடாதீர்கள். அது வேறொருவரிடம் திருடிய பணமாக இருக்கலாம், உங்கள் கணக்கு முடங்கும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-இன் 12-ஆம் பிரிவுப்படி பெண்கள் எல்லோருக்கும் இலவச சட்ட உதவி உண்டு, வருமானம் எவ்வளவு என்பது கணக்கே இல்லை. சட்ட உதவிக்கான எண் 15100. கர்நாடக மாநில ஆணையத்தின் அலுவலகம் எச். சித்தையா சாலையில் நியாய தேகுல கட்டடத்தில் இருக்கிறது, அங்கே போனால் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள்.

இதெல்லாம் செய்வதற்கு முன்னால், இன்று ராத்திரி, கணவரிடம் சொல்லுங்கள். திட்டுவார் என்று பயப்படுகிறீர்கள், ஒருவேளை திட்டலாம். ஆனால் அந்த ஆள் தினமும் கூப்பிடுவது எதை நம்பி? வீட்டில் யாருக்கும் தெரியாது என்பதை நம்பித்தான். நீங்களே சொல்லிவிட்டால் மிரட்ட அவனிடம் மிச்சம் ஒன்றும் இருக்காது. வாயால் சொல்ல வரவில்லை என்றால் எனக்கு எழுதிய அதே ஆறு பக்கத்தை அவர் கையில் கொடுங்கள், பட்டறையிலிருந்து வந்து சாப்பிட்டு முடித்த பிறகு. அதில் எல்லாம் இருக்கிறது, ராத்திரி இரண்டு மணி வரை எதற்காக உட்கார்ந்தீர்கள் என்பதும் இருக்கிறது. ஒருவேளை அவர் கை ஓங்குகிறவர், நீங்கள் பயப்படுவது வெறும் திட்டுக்கு இல்லை என்றால், முதலில் அம்மாவிடமோ அண்ணனிடமோ சொல்லுங்கள், 181 பெண்கள் உதவி எண்ணையும் குறித்து வையுங்கள்.

லேப்டாப்பை என்ன செய்வது

விற்காதீர்கள், அதில் உங்களுக்கு வேலை இருக்கிறது. "இந்தப் பிழைப்பே வேண்டாம்" என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வீட்டிலிருந்து செய்யும் உண்மையான வேலை உண்டு, ஆனால் முதல் நாளே யாரும் முகம் தெரியாதவருக்கு வாட்ஸப்பில் கொடுத்துவிட மாட்டார்கள். முதலில் நேரில் போய், உங்கள் வேலையை ஒருவர் பார்த்து நம்பின பிறகுதான் வீட்டுக்கு வரும்.

மூன்று வருடம் பி.காம் படித்த உங்களுக்கு டெபிட் கிரெடிட் தெரியும். ராஜாஜிநகர், மல்லேஸ்வரம், சிக்பேட்டை பக்கம் இருக்கும் ஆடிட்டர் ஆபீஸ்களிலும் வரி ஆலோசகர்களிடமும் பில் என்ட்ரி போட ஆள் தேவைப்படும். மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் கடைகள் விற்பனை விவரம் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-1-ஐ அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள்ளும் வரியைக் கணக்குக் காட்டிக் கட்டும் 3பி-யை 20-ஆம் தேதிக்குள்ளும் முடிக்க வேண்டும். அதனால் மாதத்தின் முதல் மூன்று வாரம் அங்கே தலைக்கு மேல் வேலை இருக்கும். சின்னவன் பள்ளியில் இருக்கும் நேரம் மட்டும், இரண்டு மூன்று மாதத்துக்குக் கம்மி சம்பளமானாலும் பரவாயில்லை என்று போய்க் கற்றுக்கொள்ளுங்கள். நன்றாகச் செய்தால் இரண்டு கடையின் கணக்கை வீட்டுக்கே கொடுத்து அனுப்புவார்கள். டைப்பிங் வேகமும் கண்விழித்து முடிக்கும் குணமும் உங்களிடம் இருக்கிறது என்பதற்கு அந்த 449 படிவமே போதும். வேலை தருகிறேன் என்று சொல்லி ரிஜிஸ்ட்ரேஷன், டெபாசிட், ட்ரெய்னிங் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அரியர் இரண்டு பேப்பருக்கு, படித்த கல்லூரிக்கு ஒரு போன் போடுங்கள். பழைய மாணவர்களுக்குச் சில பல்கலைக்கழகங்கள் அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு அறிவிப்பதுண்டு, உங்கள் பல்கலைக்கழகத்தில் என்ன நிலை என்று தேர்வுப் பிரிவில் கேளுங்கள். அது முடியாது என்றால் மட்டும் இக்னோ மாதிரி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் முதலிலிருந்து சேர்வதைப் பற்றி யோசிக்கலாம்.

கணக்கு எழுதும் மென்பொருளான டாலி கற்க 15,000 கட்டி கோர்ஸ் சேரலாமா என்றும் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இப்போது வேண்டாம். டாலி பிரைமை இலவசமாக இறக்கி, கற்பவர்களுக்கான எஜுகேஷனல் மோடில் திறந்து பழகலாம். மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் என்ட்ரி போட முடியும், மற்றபடி பழகுவதற்கு அது தாராளம். உங்கள் வீட்டு மளிகை பில்லையும் லேப்டாப் தவணையையும் வைத்தே முதல் என்ட்ரியைப் போட்டுப் பாருங்கள்.